விண்டோஸ் அலுவலகத்துக்கு முன்னால் ஒரு லினக்ஸ் பெட்டி

கேள்வி:
ஆடிட்டர் அலுவலகம். இருபது விண்டோஸ் கணினிகள், ஒரு டாலி சர்வர். முதலாளி வீட்டிலிருந்து வேலை பார்க்க ரவுட்டரில் 3389 போர்ட் (விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்) திறந்தே கிடக்கிறது. லாகைப் பார்த்தால் யார் யாரோ கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பழைய கணினியில் டெபியன் லினக்ஸ் போட்டு ஃபயர்வாலாக நிறுத்தலாமா?

பதில்:
தாராளமாக. ஆனால் 3389-ஐ இப்போதே மூடுங்கள், பெட்டி தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு நெட்வொர்க் கார்டு வேண்டும்: ஒன்று மோடத்துக்கு, ஒன்று சுவிட்சுக்கு. ஒரு கார்டில் வருவதை இன்னொன்றுக்குக் கடத்தும் ஐபி ஃபார்வர்டிங்கை 1 ஆக்குங்கள். லினக்ஸின் ஃபயர்வால் கருவியான என்எஃப்டேபிள்ஸில் இன்புட் (பெட்டிக்கே வருவது), ஃபார்வர்ட் (பெட்டி வழியே கடப்பது) இரண்டுக்கும் பாலிசி டிராப், அதாவது அனுமதிக்காதது எதுவும் உள்ளே வராது. உள்ளிருந்து கிளம்புவதையும் அதற்கு வரும் பதிலையும் மட்டும் விடுங்கள், வெளிப்பக்கம் மாஸ்கரேட் (எல்லாக் கணினிகளும் பெட்டியின் முகவரியிலேயே வெளியே போகும்). முதலாளிக்கு வயர்கார்டு விபிஎன் (வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு மறையாக்கப்பட்ட பாதை). யுடிபி 51820 மட்டும் திறந்திருக்கும், சரியான சாவி இல்லாமல் தட்டினால் அது பதிலே சொல்லாது. போர்ட் எண்ணை 3390 என்று மாற்றினால் போதும் என்று யாராவது வருவார்கள், காதில் வாங்காதீர்கள்.

கேட்டவர்:
சரிங்க. அப்புறம், விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்துவிடலாமா? பிரிண்டர் பகிர்வில் ஒரே தொல்லை.

பதில்:
கூடவே கூடாது! ஒரே சுவிட்சில் உள்ள கணினிகள் தங்களுக்குள் பேசுவது லினக்ஸ் பெட்டிக்குத் தெரியவே தெரியாது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை, விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான 445 போர்ட் வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். முடிந்தால் மூன்றாவது கார்டு போட்டு டாலி சர்வரைத் தனி நெட்வொர்க்கில் வையுங்கள்.

இன்னொருவர்:
வெளியே போகும் 445-ஐயும் அடைத்துவிடுங்கள். மின்னஞ்சலில் வந்த லிங்க்கை ஒருவர் சொடுக்கினாலே விண்டோஸ் கடவுச்சொல் ஹாஷை (கடவுச்சொல்லிலிருந்து உருவாக்கிய குறியீடு) வெளி சர்வரிடம் நீட்டிவிடக்கூடும்.