ஆறாம் தரத்துக்கு எங்க விடுறது: ஊர்ப் பள்ளிக்கூடமா, ரவுணா?

குளக்கட்டு:
பரந்தன்-முல்லைத்தீவு ஏ35 வீதியிலயிருந்து நாலு கிலோமீற்றர் உள்ளுக்க வீடு. பக்கத்தில இருக்கிறது 11ஆம் தரத்தோட முடியிற இரண்டாம் வகைப் பள்ளிக்கூடம். கிளிநொச்சி ரவுணில இருக்கிறது உயர்தர விஞ்ஞானம் வரைக்கும் உள்ள 1ஏபி வகைப் பள்ளிக்கூடம். ஊரில ஓ.எல் (11ஆம் தர முடிவில எழுதுற சாதாரணதரப் பரீட்சை) சித்தி நூற்றுக்கு 92 எண்டு பலகை தொங்குது, ரவுணில 80. எதைப் பாத்து முடிவெடுக்கிறது?

வெண்கட்டி:
பலகையைக் கழட்டி வையுங்கோ. 12 பேர் எழுதி 11 பேர் சித்தியடைஞ்சாலும் 92தான். அந்த 12 பேரும் ஆறாம் தரத்தில எத்தினை பேராச் சேர்ந்தவை எண்டு கேளுங்கோ. 24 எண்டால் சேர்ந்ததில பாதி கூடத் தேறேல்ல. அதே மாதிரி, அஞ்சாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வெட்டுப்புள்ளியில வடிச்செடுத்த பிள்ளையளை வைச்சு ரவுண் காட்டுற பெறுபேறும் பள்ளிக்கூடத்தின்ர கெட்டித்தனம் எண்டு சொல்லேலாது. என்ர கணக்கில 6 தொடக்கம் 9 வரைக்கும் ஊர்தான். 20 பிள்ளையள் உள்ள வகுப்பில கொப்பி திருத்துப்படும், 45 பேர் இருந்தால் சரி போட்டுத் திருப்பித் தருவினம்.

பரந்தன் சந்தி:
வெண்கட்டி அண்ணை, கொப்பியைத் திருத்த ஆள் வேணுமே! உள்பக்கப் பள்ளிக்கூடங்களில கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூண்டுக்கும் உரிய பாட ஆசிரியர் ஒரே வருசத்தில இருக்கிறது அபூர்வம். கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிஞ்ச உடனே இடமாற்றம், பதிலாள் வர ஒரு தவணை போயிடும். அதுக்குள்ள விஞ்ஞானத்தை வேற பாட ஆசிரியர் புத்தகம் வாசிச்சு ஒப்பேத்துவார். ஏழாம் எட்டாம் தரத்தில பின்னமும் அட்சரகணிதமும் ஓட்டை விட்டால் பத்தில ஒட்டேலாது.

வெண்கட்டி:
தம்பி, அது ஆளணிப் பிரச்சினை, ஊருக்கு ஊர் மாறும். கேட்டுத் தெரிஞ்சு கொள்ளலாமே.

வன்னிமகள்:
ஆசிரியர் எண்ணிக்கையை மட்டும் கேட்டால் காணாது அண்ணை, நேரசூசியையும் பாக்கோணும். யாழ்ப்பாணத்தில இருந்து பஸ்ஸில வாற ஆசிரியருக்கு முதல் பாடவேளை குடுத்திருந்தால், 7.30க்கு மணி அடிச்சு 7.50க்குத்தான் வகுப்பு. பாடத்தில கிட்டத்தட்டப் பாதி போயிடும். கிழமையில ரெண்டு கணிதம் அப்பிடி விழுந்தால் கிட்டத்தட்ட ஒரு முழுப் பாடம் காணாமல் போகும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடமும் அதே கதைதான். நல்ல அதிபர் எண்டால் அந்த இடங்களில உள்ளூர் ஆசிரியரைப் போடுவார். அதை வைச்சே நிர்வாகத்தை அளக்கலாம்.

பரந்தன் சந்தி:
அக்கா சொன்னது சரி, ஆனால் ஒன்பதுக்குப் பிறகு? பத்தில தொகுதிப் பாடம் (கட்டாயப் பாடங்களோட விருப்பத்துக்கு எடுக்கிறது) தெரிவு செய்யேக்க, ஆசிரியர் இருக்கிற பாடம்தான் கிடைக்கும். தகவல் தொழினுட்பம் விருப்பம் எண்டாலும், கணினி அறை பூட்டிக் கிடந்தால் பிள்ளை விவசாயம்தான். சங்கீத ஆசிரியர் இல்லாட்டி எல்லாரும் சித்திரம்.

வெண்கட்டி:
அப்ப பத்தில மாத்துங்கோ.

பரந்தன் சந்தி:
பத்தில ரவுணில இடம் கிடைக்கும் எண்டு ஆர் உறுதி தாறது? ஆறிலதான் வெட்டுப்புள்ளி வழியா வாசல் திறக்குது. பிறகு வெற்றிடம் இருந்தால்தான்.

வெண்கட்டி:
பயணத்தையும் கணக்கில எடுங்கோ. நாலு கிலோமீற்றர் சைக்கிள், பிறகு பஸ். பஸ் சீசன் ரிக்கற் மலிவு, மறுக்கேல்ல. ஆனால் பாடசாலை நேரத்தில ஓடுற ஒரே பஸ்ஸைத் தவறவிட்டால் அண்டைக்கு வரவு இல்லை. மூண்டாந் தவணை மாரிக்க வருது. கிறவல் ரோட்டில மதகுக்கு மேலால வெள்ளம் பாயும், ஆண்டிறுதிப் பரீட்சையும் அப்பதான். ரவுணில பின்னேர ரியூசனுக்கும் நிண்டால் 11 வயசுப் பிள்ளை இருட்டினாப் பிறகுதான் வீடு. யானை இறங்கிற பக்கம் எண்டால் சொல்லத் தேவையில்லை.

வன்னிமகள்:
குளக்கட்டு, ரெண்டு இடத்துக்கும் நேர போங்கோ. போன வருச எட்டாந் தரக் கணிதத் தவணைத் தாளைக் கேளுங்கோ. வினாத்தாள் பொதுவா வந்திருந்தால் ரெண்டு பக்கத்துப் புள்ளியையும் ஒப்பிடலாம், ஆனால் திருத்தினது அந்தந்தப் பள்ளிக்கூட ஆசிரியர்தான், இளக்கமாப் போட்டிருப்பினம். அதால புள்ளியை விட்டிட்டு விடைத்தாளைப் பாருங்கோ: செய்கை வழி எழுதியிருக்கோ, விடை மட்டும் கிடக்கோ எண்டு. பிறகு ஆய்வுகூட அலுமாரி. பியூரெற் எண்ட அளவுக் கண்ணாடிக் குழாயில தூசி படிஞ்சிருந்தால் விஞ்ஞானம் சோக்கட்டியாலதான் நடக்குது.

குளக்கட்டு:
நன்றி. ஊரில இப்ப கணித ஆசிரியர் நிரந்தரம், விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை எண்டு தெரிய வந்தது.

பரந்தன் சந்தி:
அப்ப ரவுண்தான்.

வெண்கட்டி:
விஞ்ஞானத்துக்கு ஆள் கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் போனதோ எண்டு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திட்ட விசாரிச்சுப் போட்டு முடிவெடுங்கோ. ஜனவரிக்கு முதல் நியமனம் வந்தால் நான் சொன்ன மாதிரி ஊர்தான்.