சாவரின்: ‘வேந்தர்’ வேண்டாம், ‘இறையாளர்’ என்று வைப்போம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அரசியல் அறிவியல் சொற்பட்டியலில், ஒரு நாட்டின் உச்ச அதிகாரம் உடையவரைக் குறிக்கும் ‘சாவரின்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘வேந்தர்’ என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய இலக்கியத்தில் வேந்தர் என்றால் பெரும்பாலும் முடியுடை மூவரான சேர, சோழ, பாண்டியர். இன்று அது பல்கலைக்கழகப் பதவியின் பெயர். தண்டையார்பேட்டையில் நாம் நடத்தும் மாலை வகுப்பில் அச்சொல்லைச் சொன்னால், பிள்ளைகளுக்குத் துணைவேந்தரும் பட்டமளிப்பு விழாவும்தான் நினைவுக்கு வரும். அரசனைக் குறிக்கும் ‘கோ’வும் அழகான சொல்லே. சோழர் கல்வெட்டுகளின் ‘கோப்பரகேசரி’ என்னும் அரசப் பட்டத்திலும் நம் நாவில் புழங்கும் ‘கோயிலி’லும் அது வாழ்கிறது. ஆனால் அந்த ஓரெழுத்துச் சொல்லிலிருந்து கிளைச்சொற்கள் ஆக்குவது கடினம்.

என் பரிந்துரை ‘இறையாளர்’. அரசமைப்பின் தமிழாக்கத்தில் ‘இறையாண்மை’ ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. அந்தப் பண்பை உடையவருக்கும் அதே அடியிலிருந்து பெயர் கிடைப்பதுதான் முறை. இறை என்ற சொல் ஆள்பவரையும் குறித்தது, அவருக்குக் குடிகள் செலுத்திய வரியையும் குறித்தது. ‘இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு’ என்னும் குறளில் (733) இரு பொருளும் அருகருகே நிற்கின்றன: முன்னது அரசன், பின்னது வரி. வரிப்பொருளுக்கு அடி ‘இறு’ என்னும் வினை. ‘கடன் இறுத்தல்’ என்பதும் அதுவே. சோழர் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலம் ‘இறையிலி’. அக்கல்வெட்டுகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை என்பதால் புதிதாகப் படிப்பவர் தடுமாறுவார். இறையிலி என்ற நான்கெழுத்தில் புள்ளிக்கே இடமில்லை. திருவொற்றியூர்க் கோயில் சுவர்களில் எழுத்துக்கூட்டிப் பழக விரும்புவோர் இத்தகைய சொற்களிலிருந்து தொடங்கலாம் என்று இடையே சொல்லி வைக்கிறேன். வரி விதிக்கவும் அதை நீக்கவும் உரிய அதிகாரம் இறையாண்மையின் முதன்மையான அடையாளங்களுள் ஒன்று. அந்த அதிகாரத்தின் தடம் இச்சொல்லிலேயே பதிந்திருப்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

‘இறை’ என்றால் கடவுள்தான் நினைவுக்கு வரும் என்று இராயபுரத்திலிருந்து எழுதிய அன்பரின் மறுப்பு பொருட்படுத்த வேண்டியது. தேவாலயங்களில் ‘இறையாட்சி’ என்றால் கடவுளின் ஆட்சி. இறையியல் என்றால் சமயக் கல்வி. ஆகவே ‘இறையாட்சி’யை நாம் தொடவே கூடாது, முடியாட்சி என்ற வழக்கே மானார்க்கிக்குப் போதும். ஆனால் தெய்வப்பொருள் கலந்திருப்பதாலேயே ஒரு சொல்லைத் தள்ளுவதானால், ‘வேந்தர்’ மட்டும் தப்பிவிடாது. தொல்காப்பியத்தில் மருத நிலத்தின் தெய்வம் ‘வேந்தன்’தான். ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்கட்கு இறையென்று வைக்கப் படும்’ என்னும் குறளிலோ (388) மக்களைக் காப்பவனுக்கே ‘இறை’ என்னும் பெயர் உரியதாகிறது.

ஒரு சிக்கல் மட்டும் மீதமிருக்கிறது. 1651இல் ஆங்கிலேய அரசியல் சிந்தனையாளர் ஹாப்ஸ் எழுதியபோதே, இவ்வதிகாரம் ஒருவரிடமும் இருக்கலாம், ஓர் அவையிடமும் இருக்கலாம் என்று வைத்தார். பிரிட்டனில் நாடாளுமன்றத்துக்கே இறையாண்மை உண்டு என்பது மரபான கொள்கை. ‘இறையாளர்’ என்பது ஆளைக் குறிக்கும் வடிவம் என்பதால் அவைக்குப் பொருந்தாது. அங்கே ‘இறையாளும் அவை’ என்று விரித்து எழுதலாம் என்பது என் கருத்து. இதைவிடச் சுருக்கமான வடிவம் யாருக்கேனும் தோன்றினால், பட்டியல் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.