மவுண்ட் கேம்பியர் மடுக்கள்: சாவி யார் கையில் இருக்க வேண்டும்?

ஆழப்பித்தன்:
மெக்சிகோவில் முழுக் குகை முக்குளிப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவன் நான். அங்கே செனோட் எனும் நீர்க்குழியின் வாசலில் நிலத்துக்காரரின் குடும்பத்திடம் கட்டணத்தைக் கொடுத்து அட்டையைக் காட்டினால் போதும், இறங்கிவிடலாம். போன மாதம் தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கேம்பியருக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் மடு, இந்தப் பக்கம் நானும் இரண்டு சிலிண்டர்களும். நிலத்துக்காரரிடம் கேட்டேன். “குகை முக்குளிப்போர் சங்கத்தில் உறுப்பினரா?” என்றார். இல்லை என்றதும் கதவைச் சாத்திவிட்டார். இயற்கை தந்த தண்ணீருக்கு ஒரு சங்கம் காவல்காரனா? ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் வசதிக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது.

மடுக்கரை:
அந்தச் சங்கத்தில் நானும் ஒருவன் என்பதால் பதில் சொல்கிறேன். 1969-இல் கில்ஸ்பி மடுவில் இருவர், 1972-இல் ஆலின்ஸ் குகையில் மூவர், 1973-இல் ஷாஃப்டில் நால்வர், 1974-இல் பிக்கானினி குளத்தில் இருவர். ஐந்தே ஆண்டுகளில் பதினொரு பேர் இறந்தார்கள்.

ஷாஃப்ட் எப்படி இருக்கும் தெரியுமா? மேய்ச்சல் நிலத்தின் நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் துவாரம். அதன் மேல் முக்காலி நட்டுக் கயிற்றில் சிலிண்டர்களை இறக்கி, பிறகு ஆளை இறக்குவார்கள். கீழே பெரிய மண்டபம், அதற்கும் கீழே நூறு மீட்டரைத் தாண்டும் ஆழம். அந்த நால்வரும் திட்டமிட்டதைவிட ஆழமாகப் போனார்கள். திரும்பி வரப் பிடித்துக்கொள்ள வழிக்கயிறு இல்லை. எல்லா உடல்களையும் மேலே கொண்டுவர மறு ஆண்டு ஆகிவிட்டது. மடுக்களை மொத்தமாக மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்த நேரத்தில்தான், 1973-இல், சங்கம் பிறந்தது. முதலில் தேர்வு, தேறியவருக்கு மட்டும் அனுமதி என்ற உறுதியைக் கொடுத்த பிறகே நிலத்துக்காரர்கள் வேலியைத் திறந்தார்கள்.

ஒன்று கேட்கிறேன். போவதற்கு முன் சங்கத்துக்கு ஒரு கடிதமாவது எழுதினீர்களா?

ஆழப்பித்தன்:
எழுதவில்லை. அது என் தவறுதான். ஆனால் தேர்வும் அட்டையும் உயிரைக் காத்துவிடுமா? 2011-இல் அதே பகுதியின் டேங்க் குகையில் இறந்தவர் உலகம் அறிந்த தேர்ந்த முக்குளிப்பாளர். தகுதி உள்ளவரும் சாகிறார் என்றால் அந்தச் சாவி எதற்கு?

பால்பண்ணை:
எனக்கு முக்குளிக்கத் தெரியாது. அந்தப் பக்கத்தில் ஒரு பண்ணையில் மூன்று ஆண்டுகள் வேலை செய்தவன். விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டிச் சத்தம் கேட்கும். வந்தவர் கேட்டின் கொக்கியை மாட்டாமல் சங்கிலியை வெறுமனே சுற்றிவிட்டுப் போயிருப்பார். ஒருமுறை பதினேழு பசுக்கள் சாலைக்குப் போய்விட்டன. லாரி எதுவும் வராதது எங்கள் அதிர்ஷ்டம். முதலாளி கோபத்தில் கத்தவில்லை. மறுநாள் பெரிய பூட்டு ஒன்றை வாங்கி வந்தார், அவ்வளவுதான். உங்கள் சான்றிதழ் எந்த நாட்டுடையது என்று அவர் எங்கே ஆராய்வார்? நாளைக்கு ஒரு பிணம் மேலே வந்தால் வழக்கு தன் தலையில் விழுமா, பொறுப்பேற்க ஓர் அமைப்பு உண்டா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

கயிற்றுமுனை:
நான் புளோரிடாவில் கற்றவன். திறந்து வைப்பதால் வருவதையும் பார்த்திருக்கிறேன். அங்குள்ள ஈகிள்ஸ் நெஸ்ட் என்ற நீர்க்குகை மாநில வனவிலங்குப் பகுதியில் இருக்கிறது. பயிற்சி இல்லாதவன் உள்ளே போகாதே, செத்துப்போவாய் என்று தண்ணீருக்குள்ளேயே பலகை வைத்திருக்கிறார்கள். 2013 கிறிஸ்துமஸ் நாளில் ஒரு தந்தையும் பதினைந்து வயது மகனும் அங்கே இறந்தார்கள். இருவருக்கும் குகைப் பயிற்சி இல்லை. 2016-இல் மேலும் இருவர். ஒவ்வொரு முறையும் “மூடு” என்ற குரல் எழுகிறது, நாங்கள் ஓடிப்போய் மன்றாடுகிறோம். பொது இடம் என்ற சொல்லை நம்பி அங்கே யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை, பித்தன்.

அதற்காக எல்லாவற்றுக்கும் பூட்டுதான் மருந்து என்று சொல்ல மாட்டேன். அதே புளோரிடாவில் ஜின்னி ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்று வளாகம் தனியார் இடம். அங்கே முன்மண்டபத்தில் எவரும் முக்குளிக்கலாம். குகை தொடங்கும் வாயில் மட்டும் இரும்புக் கம்பிகள் போட்டிருக்கிறார்கள். அதே வளாகத்தில் டெவில்ஸ் ஊற்றுக் குகை திறந்தே கிடக்கிறது. அங்கே குகைத் தகுதி இல்லாதவர் விளக்கு எடுத்துப் போகக் கூடாது. இருட்டைக் கண்டால் தானாகத் திரும்பிவிடுவார் அல்லவா! இத்தனை மலிவான, இத்தனை புத்திசாலித்தனமான காவலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆழப்பித்தன்:
விளக்கு விஷயம் அருமை. விவசாயியின் நிலம் விவசாயியின் இஷ்டம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். டேங்க் குகை நிலத்தைச் சங்கமே காசு கொடுத்து வாங்கிவிட்டது என்பதால் அங்கும் எனக்குப் பேச்சில்லை. ஆனால் பிக்கானினி குளங்கள் அரசு நிலம். அங்கே அரசு அனுமதியோடு சங்கத்தின் தகுதியையும் சேர்த்துக் கேட்கும் வழக்கம் எப்படி நியாயம்? வரி கட்டுபவனின் குளத்துக்கு ஒரு சங்கத்தின் சந்தா எதற்கு?

மடுக்கரை:
இந்த இடத்தில் எனக்கும் உறுத்தல் உண்டு. பூங்கா அதிகாரிக்கு முக்குளிப்புத் தெரியாது. யார் தேறியவர் என்று சொல்ல ஒருவர் வேண்டும், அப்போது கையில் இருந்தது நாங்கள்தான். உங்கள் மெக்சிகோ அட்டையை ஏற்க ஒரு நேர்வழி இருக்க வேண்டும் என்று நானே கூட்டத்தில் பேசியிருக்கிறேன். பழைய உறுப்பினர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 1973-ஐ நேரில் பார்த்தவர்கள். அவர்களிடம் வாதம் செல்லாது.

பால்பண்ணை:
உடலைத் தேட இறங்கியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

ஆழப்பித்தன்:
சரி. உறுப்பினர் படிவத்தை இன்று அனுப்பிவிட்டேன். பிக்கானினி பற்றி என் கருத்து மாறவில்லை. அடுத்த கூட்டத்தில் நானும் வந்து பேசுகிறேன்.

மடுக்கரை:
வாருங்கள், பேசலாம். மெக்சிகோவில் போட்ட மெல்லிய உடையோடு மட்டும் வந்துவிடாதீர்கள். இங்கே தண்ணீர் 15 டிகிரிதான்.