திராட்சைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிற மலை: சொனோமாவில் சைக்கிள் ஓட்டும்போது எதிரே வந்தவை

கல்லுப்பாதை எழுதியது:

கலிஃபோர்னியாவின் வைன் கன்ட்ரியில், அதாவது வைனுக்குத் திராட்சை விளைகிற சொனோமா, நாபா பக்கங்களில், மவுன்டன் பைக் என்றதும் நம்ம ஆட்கள் பலர் நினைப்பது, திராட்சைக் கொடிகளுக்கு நடுவே மண்பாதையில் ஜாலியாக மிதித்துக்கொண்டு போகலாம் என்று. அதை முதலில் மறந்துவிடுங்கள். சொனோமாவிலும் நாபாவிலும் தோட்டங்கள் தனியார் நிலம். கொடி வரிசைக்குள் சைக்கிளை விட்டால் யாராவது பிக்கப் வண்டியில் வந்து வெளியே போகச் சொல்வார்கள், அதுவும் நியாயம்தான். டிராக்டர் ஓடுகிற இடம், சொட்டுநீர்க் குழாய் போகிற இடம், சாம்பல் நோய் வராமலிருக்கக் கந்தகம் அடிக்கிற இடம். சைக்கிளுக்கு உண்டான இடம் தோட்டங்களுக்குப் பின்னால் எழும்பி நிற்கிற மலை.

சான்டா ரோசாவுக்குக் கிழக்கே டிரியோனி-அனடெல் ஸ்டேட் பார்க் என்று ஒன்று, 5,000 ஏக்கருக்கு மேல். ஓக் மரம், டக்ளஸ் ஃபர், நடுவில் புல்வெளி, அப்புறம் கல், கல், மேலும் கல். அந்தக் கல்லுக்கு ஒரு கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்த மலையில் எரிமலைப் பாறையை உடைத்து, செங்கல் மாதிரி செதுக்கி, சான் ஃபிரான்சிஸ்கோ தெருக்களில் பாவ அனுப்பினார்கள். 1906 நிலநடுக்கத்துக்குப் பிறகு நகரத்தைத் திரும்பக் கட்டவும் இங்கிருந்து கல் போனது. கார்கள் பெருகி, வழவழப்பான சாலைதான் வேண்டும் என்றானதும் தொழில் படுத்துவிட்டது. கார்க்காரர்கள் கரடுமுரடு என்று வேண்டாமென்ற கல்லைத் தேடி இன்றைக்கு நாம் போய் முதுகெலும்பைக் குலுக்கிக்கொள்கிறோம். கோபிள்ஸ்டோன் டிரெயிலில் போகிறவர்கள் ஓரத்தில் பழைய குவாரிக் குழிகளைப் பார்க்கலாம்.

எனக்கு எதிரே வந்தவை வான்கோழிகள். இறக்கத்தில் ஒரு வளைவு திரும்புகிறேன், பாதையை அடைத்துக்கொண்டு ஒரு கூட்டமே நிற்கிறது. பிரேக் பிடித்ததில் பின்சக்கரம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் ஒரு கல்லில் முட்டி நின்றது. மற்றதெல்லாம் புதருக்குள் ஓடிவிட்டன, பெரிய சேவல் ஒன்று மட்டும் நகரவில்லை. தலை நீலமும் சிவப்புமாக, தாடைத் தோல் தொங்கிக்கொண்டு, வாலை விசிறியாக விரித்து, இறகு நுனியை மண்ணில் உரசிக்கொண்டே அரைவட்டம் அடித்தது. நான் சைக்கிளைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றேன். அது என்னைப் பார்க்கவே இல்லை, டயரைத்தான் பார்த்தது. இதில் வேடிக்கை, அந்தப் பறவை கலிஃபோர்னியாவின் சொந்தப் பறவையே இல்லை. வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டார்கள், டெக்சாஸ் வகைதான் இங்கே நன்றாக ஒட்டிக்கொண்டது. இப்போது காலனித் தெருக்களில்கூட காரை மறிக்கின்றன.

சரி, உங்களுக்கு எதிரே என்ன வந்தது? இந்தப் பக்கத்து மலைகளில் ஓட்டியவர்கள் எழுதுங்கள்.

ஃப்ரீமான்ட்வாசி எழுதியது:

வான்கோழி தேவலை அண்ணா. எனக்கு வாய்த்தது பாய்சன் ஓக், பட்டால் தோல் அரித்துக் கொப்பளிக்கிற ஒரு புதர்ச் செடி.

காம்புக்கு மூன்று இலை, ஓக் இலை சாயல், கோடையின் கடைசியில் அழகான சிவப்பு. என் கூட வந்த தோழி போட்டோ எடுக்கப் போனாள், நான் கத்தினேன். அவள் தப்பித்தாள், எனக்குத்தான் முழங்கை முழுக்க வந்தது. எப்படி என்றால் அவள் சைக்கிள் ஹேண்டில் அந்தப் புதரில் சாய்ந்து கிடந்தது, அதை நிமிர்த்தியது நான். இலையிலும் தண்டிலும் இருக்கிற எண்ணெய்தான் வேலையைக் காட்டுகிறது. கிளவுஸ், ஷூ லேஸ், ஹேண்டில் கிரிப் என்று எதில் ஒட்டினாலும் காய்ந்து போகாமல் நாள்கணக்கில் அங்கேயே இருக்கும். குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து மொட்டைக் குச்சியாக நிற்கும்போதும் அந்தக் குச்சி பட்டால் போதும்.

ஊரில் முந்திரிக்கொட்டை சுட்டவர்களுக்கு இது புதிதில்லை. ஓட்டிலிருந்து தெறிக்கிற பால் பட்டால் தோல் வெந்து உரியுமே, அதே குடும்பத்துச் செடிதான் இதுவும். சேங்கொட்டையும் அப்படியே, மாவும் அப்படியே. மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் புண்ணாகிறவர்கள் இந்த மலையில் இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. பட்டது என்று தெரிந்தால் உடனே சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், வெறும் தண்ணீர் எண்ணெயை எடுக்காது. துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும், சைக்கிளையும் துடைக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் சொல்வதில்லை, அதனால் அடுத்த வாரம் திரும்ப வரும்.

விடியற்காலை எழுதியது:

நான் சொல்லப்போவது மலை விஷயம் இல்லை, மலைக்கு ஏறும் முன் நடந்தது. கென்வுட் பக்கம், அதே அனடெல் பார்க்கின் லாண்டேல் டிரெயில் அடிவாரம். செப்டம்பர். பார்க் சூரிய உதயத்துக்குத்தான் திறக்கும், நாங்கள் இருட்டிலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். பக்கத்துத் தோட்டத்தில் கல்யாண வீடு மாதிரி விளக்கு. டிராக்டரில் கட்டிய பெரிய லைட்டுகள், அதற்குக் கீழே நெற்றியில் விளக்குக் கட்டிய ஆட்கள், பெரும்பாலும் மெக்சிகோக்காரர்கள், ஸ்பானிய மொழியில் சத்தம் போட்டுக்கொண்டே ஓடி ஓடி அறுக்கிறார்கள். நடக்கவில்லை, ஓடுகிறார்கள். வளைந்த சின்னக் கத்தி, இடது கையில் குலையைத் தாங்கி ஒரு இழுப்பு, தொட்டியில் போடு, அடுத்த கொடி. பல இடங்களில் அறுத்த எடைக்குத்தான் கூலி, ஓட்டத்துக்கு அதுதான் காரணம்.

ராத்திரியில் அறுப்பதற்கும் காரணம் உண்டு. பழம் குளிர்ந்திருந்தால் தோல் கிழியாது, ஆலைக்குப் போகும் வழியிலேயே புளிக்கத் தொடங்காது. வெயிலில் வேலை செய்வதைவிட ஆட்களுக்கும் இது மேல்.

வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஒருவர் ஒரு குலையை நீட்டினார். கடையில் வாங்குகிற திராட்சை மாதிரி இல்லை, பட்டாணி அளவு, தடித்த தோல், ஒவ்வொன்றிலும் விதை. ஆனால் இனிப்பு! வைனுக்குப் பறிக்கும்போது சாற்றில் கால் பங்கு சர்க்கரை இருக்குமாம், 24 பிரிக்ஸ் என்று கணக்குச் சொல்கிறார்கள். விரலெல்லாம் பிசுபிசுத்து, அந்தக் கையோடு ஹேண்டிலைப் பிடித்து மேலே ஏறினோம். லாண்டேல் ஏற்றத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நிழல் இருக்கிறது, மூச்சு வாங்கும். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் தோட்டம் கோடு கோடாகத் தெரியும், அந்த ஆட்கள் வேலை முடித்துக் கிளம்பியிருந்தார்கள்.

டேஸ்டிங் ரூமில் அறுபது டாலர் கொடுத்து ஐந்து வாய் குடித்துவிட்டு "டெரவார்" (மண்ணும் காலநிலையும் வைனுக்குத் தருகிற குணம்) என்று பேசுகிறவர்கள் ஒரு தடவை அந்த நேரத்துக்குப் போய்ப் பார்க்கலாம்.

பழைய_சைக்கிள் எழுதியது:

அனடெலில் மழைக்காலத்தில் போனவர்கள் குறைவு போல. மண் இளகியிருக்கும்போது ஓட்டினால் டிரெயில் கெடும், அதனால் நானும் பெரிய மழைக்கு அடுத்த நாள் போகமாட்டேன். கொஞ்சம் காய்ந்த பிறகு ஒரு மாலை லெட்சன் மார்ஷ் என்கிற சதுப்பு நிலம் பக்கம் போனபோது பாதையில் ஏதோ காய்ந்த இலை நகர்கிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் நியூட், தவளை இனத்துக்குச் சொந்தம், பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும். விரல் நீளம், மேலே பழுப்பு, அடியில் நல்ல ஆரஞ்சு நிறம். முட்டையிட நீரைத் தேடிப் போகின்றன, ஒரு காலை எடுத்து வைக்கிறது, யோசிக்கிறது, அடுத்த காலை வைக்கிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். வெறும் கையால் தொடாதீர்கள், தோலில் இருப்பது பேத்தை மீனில் இருக்கிற அதே விஷம். தெரியாமல் தொட்டுவிட்டால் கையை வாயில் வைக்காமல் கழுவுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று குதிரை. இதில் நம்மவர்கள் பலருக்கு விதி தெரியவில்லை. நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள் வழி விட வேண்டும். இறங்கி, சரிவின் கீழ்ப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், அப்புறம் வாயைத் திறந்து ஏதாவது பேசுங்கள். ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டு அசையாமல் நிற்கிற உருவம் மனிதன் என்று குதிரைக்குத் தெரியாது. நான் ஒரு தடவை "வாம்மா, வா, ஒண்ணுமில்ல" என்று தமிழிலேயே சொன்னேன், காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு அமைதியாகப் போனது. மேலே இருந்த அம்மாள்தான் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

பாதை யாருக்கு என்று சைக்கிள்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடக்கிற சண்டையெல்லாம் பழையது. தெற்கே மரின் கவுன்டியில், ஃபேர்ஃபாக்ஸ் அருகே, 1976-இல் சில பையன்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களில் மலைச்சரிவில் பந்தயம் விட்டார்கள். கீழே வருவதற்குள் பிரேக் சூட்டில் பின்சக்கர ஹப்பில் கிரீஸ் எரிந்து புகை வரும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிதாக அடைக்க வேண்டும். மவுன்டன் பைக்கின் முன்னோடிகளான ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி எல்லாம் அந்தக் கூட்டம்தான். இன்றைக்கு அதே மரினில் டமால்பைஸ் மலையின் ஒற்றையடிப் பாதைகள் பலவற்றில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அனடெலில் இன்னும் விடுகிறார்கள். வளைவில் மணியடிக்காமல் பாய்கிற ஒவ்வொருத்தரும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கல்லுப்பாதை எழுதியது:

தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டதற்குப் பதில். புதிதாகப் போகிறவர்கள் கோபிள்ஸ்டோன் பக்கமே போகாதீர்கள். கேன்யன் டிரெயில் அகலமான பாதை, மெதுவாக ஏறி லேக் இல்சாஞ்சோவுக்குக் கொண்டுபோய் விடும், வந்த வழியே திரும்பலாம். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், டயரில் காற்றைச் சாலைக்கு வைப்பதைவிடக் குறைத்து வையுங்கள். வைன் எல்லாம் சைக்கிளைக் காரில் ஏற்றிய பிறகு, அதுவும் கார் ஓட்டாதவர்களுக்கு மட்டும். கலிஃபோர்னியாவில் குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டுவதும் குற்றம்தான், 250 டாலர் வரை அபராதம். அந்தக் கல்லில் நிதானமாக இருக்கும்போதே விழத்தான் செய்கிறோம்.