மறைமாவட்டம் திவால் மனு போட்டால் பாதிக்கப்பட்டவரின் வழக்கு என்ன ஆகும்?

மணிமுத்தாறு:
அமெரிக்காவில் கத்தோலிக்கக் குருக்களின் பாலியல் வன்முறைக்குச் சிறுவயதில் ஆளானவர்கள் வழக்குத் தொடுக்கிறார்கள். கத்தோலிக்க மறைமாவட்டங்கள் (ஓர் ஆயரின் கீழுள்ள திருச்சபைப் பகுதிகள்) ஒன்றன்பின் ஒன்றாகத் திவால் நீதிமன்றத்தில் போய் நிற்கின்றன. 2004 ஜூலையில் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து இதைத் தொடங்கிவைத்தது. பால்டிமோர் மனு போட்டது 2023 செப்டம்பர் 29. எவ்வளவு பழைய சம்பவமானாலும் வழக்குப் போடலாம் என்ற மேரிலாந்துச் சட்டம் அமலுக்கு வந்தது அக்டோபர் 1. நடுவில் இரண்டே நாள்.

மனு தாக்கலான அந்தக் கணமே, திவால் சட்டம் 362-ஆம் பிரிவின்படி மறைமாவட்டத்தின் மீதான எல்லா சிவில் வழக்குகளும் நின்றுவிடும். மறுநாள் ஜூரி முன் வரவேண்டிய வழக்கானாலும் சரி, ஆயரிடம் வாக்குமூலம் எடுக்கத் தேதி குறித்திருந்தாலும் சரி. கடனைத் தீர்ப்பதற்காக இதைச் செய்யவில்லை, சாட்சிக்கூண்டில் ஏறாமல் இருக்கத்தான் செய்கிறார்கள் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

வடகரை:
மறுக்கிறேன். கணக்காகப் பார்ப்போம். ஒரு மறைமாவட்டத்திடம் 10 கோடி டாலர் இருக்கிறது, 500 பேர் வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்துப் பேருக்கு ஜூரி தலா 1 கோடி கொடுத்தால் மீதி 490 பேருக்கு எதுவும் மிஞ்சாது. அந்த வரிசையில் முந்துபவர் யார்? கையில் கடிதமும் கோப்பும் இருப்பவர், பெரிய வக்கீல் அமைந்தவர். குருவும் செத்து, சாட்சியும் செத்து, தன் வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சியவர் கடைசியில்தான் நிற்பார்.

திவாலில் அவர் ஒரு கோரிக்கைப் படிவம் கொடுத்தால் போதும். யாரும் ஆட்சேபிக்காதவரை அது ஏற்கப்பட்டதாகவே சட்டம் கொள்ளும். கூட்டத்தார் முன் நின்று அழவேண்டியதில்லை, படிவம் பொதுவாக ரகசியமாகவே இருக்கும். பணம் வரவேண்டியவர்கள் சார்பில், பாதிக்கப்பட்டவர்களைக் கொண்ட குழு ஒன்று அமைக்கப்படும். அந்தக் குழுவின் வக்கீல் செலவையும் மறைமாவட்டமே ஏற்கவேண்டும்.

மணிமுத்தாறு:
அந்த 10 கோடியைக் கணக்கிட்டுச் சொன்னவர் யார்? அதிலேதான் சிக்கல். விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி உயர்மறைமாவட்டத்தைப் பாருங்கள். 2007-இல் ஐந்தரைக் கோடி டாலருக்கு மேல் கல்லறைப் பராமரிப்பு அறக்கட்டளைக்கு மாற்றினார்கள். அப்படிச் செய்தால் சட்டக் கோரிக்கைகளிலிருந்து அந்தப் பணத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும் என்று அப்போதைய பேராயர் திமோத்தி டோலன் வத்திக்கானுக்கு எழுதிய கடிதம் பின்னால் வெளிவந்தது. 2011-இல் திவால் மனு. அது கல்லறைக்கென்றே சேர்த்த பணம், தொட்டால் மத உரிமை மீறல் என்று வாதாடினார்கள். 2015 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மத உரிமை வாதத்தை ஏற்கவில்லை. அதற்குப் பிறகுதான் சமரசம் வந்தது: 2.1 கோடி. கோரிக்கை வைத்த சுமார் 575 பேரில் முந்நூற்றுச் சொச்சம் பேருக்கே பங்கு.

இன்னொன்று. சாதாரணக் கம்பெனி ஏமாற்றினால் கடன் கொடுத்தவர்கள் சேர்ந்து அதைக் கலைக்கச் சொல்லலாம். மறைமாவட்டம் போன்ற லாபநோக்கற்ற அமைப்பை அதன் விருப்பமின்றித் திவாலுக்கு இழுக்கவும் முடியாது (303-ஆம் பிரிவு), சொத்தை விற்றுக் கலைக்கும் 7-ஆம் அத்தியாயத்துக்குத் தள்ளவும் முடியாது (1112-ஆம் பிரிவு). இந்தப் பேரத்தில் ஒரு பக்கத்துக் கை கட்டப்பட்டே இருக்கிறது.

செங்காந்தள்:
இருவருமே மறைமாவட்டத்தின் கஜானாவையே பார்க்கிறீர்கள். பெரும்பணம் பல இடங்களில் காப்பீட்டில் இருக்கிறது. செயின்ட் பால், மினியாபோலிஸ் உயர்மறைமாவட்டம் 2015-இல் மனு போட்டது. 2016-இல் முதலில் சொன்ன தொகை 6.5 கோடி. பிறகு தொகையைக் கூட்டினார்கள்; கூட்டிய திட்டத்தையும் பாதிக்கப்பட்டவர்கள் வாக்களித்து நிராகரித்தார்கள். 2018-இல் முடிந்தது 21 கோடியில். அதில் 17 கோடி அளவுக்குக் காப்பீட்டுக் கம்பெனிகள் கொடுத்தவை.

1960, 70களின் பொதுப் பொறுப்புப் பாலிசிகள் சம்பவம் நடந்த ஆண்டை வைத்துப் பணம் தருபவை. வழக்கு இன்று போட்டாலும் அந்தக் காலத்துப் பாலிசிதான் பேசும். அதனால் படிவத்தில் ஆண்டு மிக முக்கியம். "சின்ன வயசில்" என்று எழுதினால் எந்தப் பாலிசியும் பொருந்தாது. தேதி நினைவில்லை என்றால் எந்த வகுப்பு, எந்தப் பங்கு (ஒரு பங்குத்தந்தையின் கீழுள்ள ஊர்த் திருச்சபை), முதல் நன்மைக்கு (முதன்முறை நற்கருணை பெறும் சடங்கு) முன்னா பின்னா, அப்போது பங்குத்தந்தை யார் என்று எழுதவேண்டும். குருவை எந்த ஆண்டில் எங்கே மாற்றினார்கள் என்ற பட்டியலோடு ஒப்பிட்டு ஆண்டைக் கண்டுபிடிக்கலாம்.

கம்பெனிகள் சொல்லும் மறுப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: அந்தக் குரு ஆபத்தானவர் என்று மறைமாவட்டத்துக்கு முன்பே தெரியும், தெரிந்தே விட்டதற்குக் காப்பீடு கிடையாது. இதில் ஒரு கொடுமை உண்டு. மறைமாவட்டத்தின் குற்றத்தை நிரூபிக்கும் அதே கடிதம் காப்பீட்டுப் பணத்தை அடைக்கவும் பயன்படுகிறது. கம்பெனியே மூழ்கிவிடும் அபாயமும் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ராக்வில் சென்டர் மறைமாவட்டத்தின் பழைய பாலிசிகளைச் சுமந்திருந்த ஆரோவுட் காப்பீட்டுக் கம்பெனி, 2023 நவம்பரில் கலைக்கப்பட்டது.

வடகரை:
காப்பீடு பற்றிச் சொன்னது என் வாதத்துக்குத்தான் வலு. 500 வழக்கு 500 இடத்தில் நடந்தால் கம்பெனி ஒவ்வொன்றிலும் ஆண்டைக் கேட்டு இழுக்கும். எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தால்தான் மொத்தமாகப் பணம் கொடுத்துப் பாலிசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகும். செயின்ட் பாலில் தொகை மூன்று மடங்குக்கு மேல் ஏறியதும் திவாலுக்குள் இருந்த வாக்குரிமையால்தானே? திட்டம் நிறைவேற, வாக்களித்தவர்களில் பாதிக்கு மேலானோரும், தொகையில் மூன்றில் இரண்டு பங்கும் சம்மதிக்கவேண்டும். வாக்குக்காக மட்டும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 1 டாலர் என்று வைப்பது வழக்கம். ஆதாரம் இல்லாதவர் வாக்கும் மற்றவர் வாக்குக்குச் சமம்.

மணிமுத்தாறு:
வாக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த அழுத்தத்தால் தொகை ஏறுகிறது? ராக்வில் சென்டர் 2020 அக்டோபரில் மனு போட்டது. பங்குகள் தனித்தனி அமைப்புகள், அவை மனு போடவில்லை. ஆனாலும் அவற்றின் மீதான வழக்குகளையும் நிறுத்திவைத்தார்கள். 2023 ஜூனில் நீதிபதி மார்ட்டின் கிளென் அந்தத் தடையை நீட்டிக்க மறுத்தார். 20 கோடித் திட்டத்தைப் பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பான்மையாக நிராகரித்தார்கள். 2024-இல் மறைமாவட்டமே திவால் வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்டது. வெளியே வழக்குகள் காத்திருக்கின்றன என்ற நிலை வந்தபின், அதே ஆண்டு செப்டம்பரில் 32.3 கோடிக்குச் சம்மதம். சுமார் 600 பேர். இடைப்பட்ட காலத்தில் வக்கீல்களுக்கும் ஆலோசகர்களுக்கும் போனது 10 கோடிக்கு மேல். நாலு வருடத்தில் எத்தனை பேர் வயதாகி இறந்திருப்பார்கள்?

செங்காந்தள்:
கோரிக்கைதாரர் இறந்தால் கோரிக்கை சாகாது, வாரிசுகள் தொடரலாம். ஆனால் அதற்கு அந்த மாநிலத்தின் வாரிசு நீதிமன்றத்தில் ஒரு பிரதிநிதியை நியமிக்கவேண்டும். பலர் இதைத் தாமதமாகச் செய்து பணத்தைத் தேக்கிவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து கோரிக்கைக் கடைசித் தேதி. நியூ ஆர்லியன்ஸ் 2020 மே 1-இல் மனு போட்டது, கடைசித் தேதி 2021 மார்ச் 1. அப்போது பழைய சம்பவங்கள் லூசியானா சட்டப்படி காலாவதி. அதனால் பலருக்குப் படிவம் போடவே தோன்றியிருக்காது. அதே ஆண்டு ஜூனில் மாநிலம் பழைய வழக்குகளுக்குக் கதவைத் திறந்தது. தேதி தவறியவர் மன்னிக்கத்தக்க காரணம் காட்டித் தனியாக மனு கொடுக்கவேண்டும், அதுவும் நீதிபதியின் விருப்பம். ஆகவே "என் வழக்கு காலாவதி" என்று நினைப்பவரும் படிவத்தைப் போட்டுவைக்கவேண்டும். போடுவதால் எதுவும் போகாது.

குருவின் மீதான குற்றவழக்கைத் திவால் தடுக்காது. அவர் மீதான தனிப்பட்ட சிவில் வழக்கையும் பொதுவாகத் தடுக்காது. அவரிடம் பணம் இருக்காது என்பது வேறு.

வடகரை:
ஒரு விஷயத்தில் என் நிலையைத் திருத்திக்கொள்கிறேன். மனு போடாத பங்குகளுக்கும் பள்ளிகளுக்கும் தடையை நீட்டிக்கொண்டே போவது தவறு. அந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. 2024 ஜூனில் பர்டூ என்ற மருந்துக் கம்பெனியின் திவால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சம்மதமில்லாதவரின் உரிமையை மூன்றாம் தரப்புக்காகப் பறிக்கமுடியாது என்று சொன்னபின் அந்த வழி இன்னும் குறுகிவிட்டது. ராக்வில் சென்டரில் கடைசியில் பங்குகளே தனியாக மனு போடவேண்டி வந்தது. ஆனால் திவாலே கூடாது என்பதை ஏற்கமாட்டேன்.

மணிமுத்தாறு:
சரி, தடையில் ஒத்துப்போகிறோம். ஆவணங்களைப் பற்றி நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்களின் குழு, திவால் விதிகளில் 2004 என்ற எண்ணுள்ள விதியின்கீழ் கோப்புகளைக் கேட்கலாம், ஆனால் அவை ரகசிய முத்திரையோடு குழுவின் வக்கீல்களிடம் போகும். வெளியே ஜூரி விசாரணையில் வாசிக்கப்பட்டிருக்கும் கடிதம், உள்ளே பெட்டியில் கிடக்கும். சமரசத்தில் ஆவண வெளியீட்டைத் தனி நிபந்தனையாக, தேதியோடு எழுதிவாங்காதவரை அது வராது. வாக்குச்சீட்டு வரும்போது தொகைப் பக்கத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிப் பார்க்கவேண்டும்.

வடகரை:
அதில் மறுப்பில்லை. எந்தக் கோப்பு, எந்தப் பெயர்களை மறைத்து, யார் முடிவுசெய்து, எத்தனை நாளுக்குள் என்ற நாலையும் திட்டத்திலேயே எழுதவேண்டும். "தகுந்த காலத்தில்" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.