அட்மிட் ஆகாம குடிநோய் சிகிச்சை: எங்க வீட்டுல நடந்தது, உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

கோயம்புத்தூரிலிருந்து, மனைவி:

எங்க வீட்டுக்காரர் லேத் பட்டறையில வேலை பாக்கறாருங்க. தினமும் ஒரு குவார்ட்டர். சனிக்கிழமை சம்பளம் வாங்கினா கணக்கே இல்லை.

நான் பண்ணின தப்பை முதல்ல சொல்லிடறேன். 'அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்'னு நோட்டீஸ் ஒட்டியிருப்பாங்களே, அதைப் பாத்து ஒரு பொடி வாங்கி, மத்தியான டிபன் பாக்ஸ் ரசத்துல கலந்து குடுத்தேன். சாயந்திரம் குடிச்சுட்டு வந்தவருக்கு மூஞ்சி கழுத்தெல்லாம் செவந்து போச்சு. நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி எடுத்து, வாசப்படியிலயே சாஞ்சுட்டாரு. ஆஸ்பத்திரியில டாக்டர் பொட்டலத்தை வாங்கிப் பாத்தாரு. "இதுல டைசல்ஃபிரம் மாத்திரையை அரைச்சுப் போட்டிருக்கலாம்மா. அது உள்ள இருக்கும்போது குடிச்சா உடம்புல விஷம் தேங்கும், ரத்த அழுத்தம் இறங்கும், உயிரே போகலாம். குடிக்கிறவருக்குத் தெரியாம குடுக்கவே கூடாது"ன்னாரு. இன்னிக்கும் ரசம் தாளிக்கறப்ப அந்த ராத்திரி ஞாபகம் வந்துடுதுங்க.

அப்புறந்தான் எங்க ஏரியாவுல இருக்கற போதை மீட்பு மையத்துக்குப் போனோம். "நான் என்ன பைத்தியமா?"ன்னு கேட்டு வாசல்லயே நின்னாரு. உள்ள போனதும் டாக்டர் கேட்ட முதல் கேள்விங்க: காலையில எந்திரிச்சா கை நடுங்குமா, எப்பவாவது வலிப்பு வந்திருக்கா, நிறுத்தினப்ப இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கா? வலிப்பு வந்திருந்தா அட்மிட் ஆகியே தீரணுமாம். இவருக்கு நடுக்கம் மட்டுந்தான், வீட்டுல பாத்துக்க ஆளும் இருக்குன்னு வெளிநோயாளியா எடுத்துக்கிட்டாங்க. நடுக்கத்துக்குக் குடுத்த மாத்திரையை நாளுக்கு நாள் குறைச்சுக்கிட்டே வந்தாங்க, கூடவே பி1 விட்டமின். மாத்திரை டப்பா என் கையிலதான் இருக்கணும், அந்த வாரம் வண்டி எடுக்கக் கூடாது, லேத் பக்கமே போகக் கூடாதுன்னு கண்டிஷன். மூணாவது நாள் வரைக்கும் வேர்வையும் எரிச்சலுமா படுத்தாரு. அஞ்சாம் நாள் டீ டம்ளரை ஒத்தைக் கையில புடிச்சு, ஒரு சொட்டு சிந்தாம குடிச்சாரு. நான் அடுப்படியில நின்னு அழுதேன்.

ரத்தப் பரிசோதனை பண்ணி, ஈரல் நல்லா இருக்குன்னு பாத்து, எல்லாத்தையும் விளக்கிச் சொல்லி அவர்கிட்டயே கையெழுத்து வாங்கின பிறகுதான் டைசல்ஃபிரம் குடுத்தாங்க. அதே மருந்துதாங்க, ஆனா இந்தத் தடவை அவர் தெரிஞ்சே சாப்பிட்டாரு. இருமல் சிரப்பு வாங்கறதா இருந்தாக்கூட கேட்டுட்டு வாங்கச் சொன்னாங்க, அதுல ஆல்கஹால் இருக்குமாம்.

47 நாள் ஒழுங்கா போச்சு. பங்காளி வீட்டுக் கல்யாணத்துல குடிச்சுட்டாரு. மாத்திரையை நிறுத்தினாலும் ரெண்டு வாரம் வரைக்கும் அதோட வேகம் உடம்புல இருக்கும்னு சொல்லியிருந்தாங்க. இவர் அதையே கணக்கு வெச்சு, அதுக்கு முன்னாடியே மாத்திரையைத் துப்பிக்கிட்டு இருந்திருக்காரு. எனக்கு ஆத்திரம்னா அப்படி ஒரு ஆத்திரம். மறுநாள் மையத்துக்கு இழுத்துக்கிட்டுப் போனேன், அங்க நல்லா திட்டு வாங்கட்டும்னு. ஆனா கவுன்சிலிங் பண்ற மேடம் திட்டவே இல்லை. "குடிக்கணும்னு முதல் நினைப்பு எப்ப வந்துச்சுங்க?"ன்னுதான் கேட்டாங்க. "கல்யாணத்துல"ன்னாரு. "அதுக்கும் முன்னாடி?"ன்னாங்க. ரொம்ப நேரம் தரையைப் பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் சொன்னாரு, ஒரு மாசம் முன்ன பத்திரிகை வெக்க வந்த பங்காளி "அன்னிக்கு மட்டும் உட்காருவோம்"னு சொல்லிட்டுப் போன அன்னிக்கே மனசு கல்யாணத்துக்குப் போயிடுச்சாம். பத்திரிகை வந்த அன்னிக்கு நானும் வீட்டுலதான் இருந்தேன். காப்பி போட்டுக் குடுத்ததே நான்தான்.

இப்ப எங்க வீட்டுக்கு எந்த பத்திரிகை வந்தாலும் அன்னிக்கு ராத்திரியே ரெண்டு பேரும் உக்காந்து பேசிடறோம். யார் வருவாங்க, எத்தனை மணிக்குக் கிளம்பறது, எதைச் சொல்லிட்டுக் கிளம்பறதுன்னு. பதினோரு மாசம் ஆச்சுங்க.

விருதுநகர் பக்கத்திலிருந்து, குடியை நிறுத்தியவர்:

அக்கா, டாக்டர் வலிப்பைப் பத்திக் கேட்டாருன்னு எழுதியிருக்கீங்களே, அதுல மாட்டினவன் நான். கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்டு, அன்னைக்கே குடியை அறவே விட்டேன். பதினஞ்சு வருஷம் காலையிலயே ஊத்துன உடம்பு. மறுநாள் சாயங்காலம் பஜனையில வலிப்பு வந்து விழுந்துட்டேன். சாமி குத்தம்னாங்க. சாமியும் இல்லை, குத்தமும் இல்லை, திடீர்னு நிறுத்துனா முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வர வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. எட்டு நாள் வார்டுல இருந்துட்டு, அதுக்கப்புறந்தான் வெளிநோயாளியா மாசாமாசம் போறேன். மாலை போடுற அண்ணன் தம்பிங்க, தினம் குடிக்கிற ஆளா இருந்தா, முன்னாடியே டாக்டரைப் பாத்துட்டுப் போடுங்க. ஐயப்பன் காத்திருப்பாரு.

சென்னையிலிருந்து, அம்மா:

என் பையனுக்குக் குடி இல்லை. வலி மாத்திரையைக் கரைச்சு ஊசியில ஏத்திக்குவான். 19 வயசு. மையத்துல எச்ஐவி, மஞ்சள் காமாலை டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க. இப்போ தினமும் காலையில போய், நர்ஸ் கண்ணு முன்னாடி ப்யூப்ரெனார்ஃபின் மாத்திரையை, அந்த ஊசிக்கான ஏக்கத்தை அடக்கற மருந்தாம், நாக்குக்கு அடியில வச்சுக் கரைச்சுட்டு வரான். "இதுவும் போதைதானே, ஒண்ணை விட்டு இன்னொண்ணா?"னு சொந்தக்காரங்க கேக்கறாங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. ஊசி போட்ட தழும்பு ஆறிட்டு வருது. அரைக்கை சட்டை போட ஆரம்பிச்சிருக்கான்.

கோயம்புத்தூரிலிருந்து, மறுபடியும்:

அம்மா, அந்த அரைக்கை சட்டையையே அவங்களுக்குக் காட்டுங்க. எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு தனியா கேட்டவங்களுக்கு: போதை மீட்பு உதவி எண் 14446க்கு போன் பண்ணுங்க, காசு இல்லை, பக்கத்துல எங்க போகலாம்னு சொல்லுவாங்க. குடிக்கிறவரைப் போதை தெளிஞ்ச காலை நேரமா பாத்து மையத்துக்குக் கூப்பிடுங்க. முந்தின நாள் ராத்திரி சண்டை போடாதீங்க. பழைய சீட்டு, சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாம் ஒரு பையில எடுத்து வெச்சுக்குங்க. டோக்கனுக்கு ரொம்ப நேரம் ஆகும், நாலு இட்லியும் கட்டிக்குங்க.