நாளைக்கு 10 மணிக்கு மீட்டிங், வேலை போனா விசா என்ன ஆகும்? (ஹாஸ்பிடல் டிபிஏ)

புதுசா வந்தவன்:
அண்ணா, அக்கா, யாராவது முழிச்சிருந்தா பதில் போடுங்க, அவசரம். இங்க வந்து 7 வாரம் ஆச்சு, ஒரு ஹாஸ்பிடல்ல டேட்டாபேஸ் அட்மினா (டிபிஏ) இருக்கேன், சென்னையில 6 வருஷம் பேங்க் புராஜெக்ட்ல எஸ்க்யூஎல் சர்வர் பாத்தவன்தான். நேத்து நைட் ஆன்-கால்ல ஒரு ரெஸ்டோர் (பேக்கப்பைத் திரும்ப ஏத்துறது) போட்டேன், அதுல தப்பாயிடுச்சு, பேஷண்ட் டேட்டா சம்பந்தப்பட்டது. இன்னிக்கு சாயங்காலம் மேனேஜர் மெயில் வந்துச்சு, நாளைக்கு காலைல 10 மணிக்கு மீட்டிங், டேட்டா புரொடெக்‌ஷன் ஆபீசரும் வராங்களாம். மனைவியும் 4 வயசுப் பொண்ணும் சனிக்கிழமை ஃபிளைட் ஏறணும். டிக்கெட்டை கேன்சல் பண்ணிடட்டுமா? கை நடுங்குது, மத்தியானத்துலேர்ந்து சாப்பிடல.

ஸ்கார்பரோ அக்கா:
தம்பி, முதல்ல ஏதாவது சாப்பிடுங்கோ. இங்க கனடா ஒன்டாரியோவில பேஷண்ட் விவரத்தைக் காக்க ஃபிப்பா (PHIPA) எண்டு சட்டம் இருக்கு, 2004இல வந்தது, பேஷண்ட் ஃபைலை தேவையில்லாமத் திறந்து பாத்ததுக்கே வேலை போன ஆக்கள் இருக்கினம். டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். நான் வந்த முதல் விண்டர் பேஸ்மென்ற்ல இருந்தனான், ஒரு கிளினிக்ல ரெக்கார்ட் ஏத்துற வேலை, விடியக்காலமை ரெண்டு பஸ் மாறிப் போகோணும், பிள்ளையும் கூட இருந்திருந்தா என்ன செய்திருப்பனோ தெரியாது.

சிங்கைவாசி:
எந்த நாடுன்னே சொல்லலியே தம்பி. சிங்கப்பூர்னா ஒர்க் பாஸ் கேன்சல் ஆனா 30 நாள் தருவாங்க, அவ்வளவுதான்.
ஆனா ஒண்ணு சொல்றேன். 2018ல இங்க சிங்ஹெல்த்ங்கற ஹாஸ்பிடல் குழுமத்தோட டேட்டாபேஸ்ல ஹேக்கர் புகுந்து 15 லட்சம் பேர் விவரத்தை எடுத்துட்டாங்க, அப்போ பிரதமரா இருந்த லீ சியன் லூங்கோடதும் அதுல போச்சு. ஜூலை 4ஆம் தேதி, இந்தக் கொயரி (டேட்டாவைக் கேட்டு எடுக்குற கட்டளை) வழக்கமா ஓடுறது இல்லையேன்னு கண்டுபிடிச்சு நிறுத்துனது டேட்டாபேஸ் பாத்தவங்கதான், நம்ம வேலை பாக்குறவங்க. ஆனா அமைச்சகத்துக்கு விஷயம் போனது ஜூலை 10. அதுக்கு முன்னாடியே சந்தேகப்பட்டவங்க இருந்தும் மேல சொல்லாம இழுத்ததை விசாரணைக் கமிட்டி அறிக்கையில எழுதி வெச்சிருக்காங்க. உங்களது ஹேக்கிங் இல்ல, தெரியும். இருந்தாலும் ஹாஸ்பிடல் டேட்டாவுல லேட்டா சொல்றது தனித் தப்பு.

புதுசா வந்தவன்:
சாரி, யூகே. ஸ்கில்டு ஒர்க்கர் விசா, ஹாஸ்பிடலோட நேரடி ஸ்டாஃப்தான்.

லெஸ்டர் மாமா:
யூகேன்னா மீட்டிங்ல வாயே திறக்காதீங்க. இன்னிக்கு ராத்திரியே ஆன்லைன்ல யூனியன்ல சேருங்க, அவங்க ஆள் இல்லாம பேச மாட்டேன்னு சொல்லிடுங்க. ஒத்துக்கிட்டா அதையே எழுதி வெச்சுப்பாங்க.

மழைநாட்டான்:
மாமா சொல்றது தப்பு, எல்லாத்தையும் சொல்லிடணும். எனக்கும் முதல் வருஷம் ஒரு சிக்கல் வந்துச்சு. அக்டோபர் கடைசி ஞாயிறு ராத்திரி 2 மணிக்கு கடிகாரத்தை 1 மணிக்குத் திருப்புவாங்க, நம்ம ஊர்ல அந்தப் பழக்கமே இல்லையா, எனக்கு அது மண்டையிலேயே ஏறல. 1 மணிலேர்ந்து 2 மணி வரைக்கும் அன்னிக்கு ரெண்டு தடவை வரும், லோக்கல் டைம்ல சேவ் பண்ற டேபிள்ல 1:40க்கு குடுத்த மருந்து 1:20க்கு குடுத்ததுக்கு முன்னாடி நடந்திருக்கும், வரிசை மாறிக் காட்டும். சில ஹாஸ்பிடல்ல அந்த ஒரு மணிநேரம் வார்டுல பேப்பர்லதான் எழுதுவாங்க. நான் அது தெரியாம அதே நேரத்துக்கு தானா ஓடுற ஒரு ஜாப் போட்டு வெச்சேன், ரெண்டு தடவை ஓடிடுச்சு. காலைல நானே போய் சொன்னேன், யாரும் திட்டல.

லெஸ்டர் மாமா:
உங்களுக்கு நல்ல மேனேஜர் அமைஞ்சாங்க, எல்லாருக்கும் அப்படி அமையாது. நான் வந்தப்ப வீடு குடுக்கவே 6 மாச வாடகை முன்பணம் கேட்டாங்க, யாரு இருந்தா நமக்கு?

மழைநாட்டான்:
அதை விடுங்க, விசாவோட கட்டுற ஹெல்த் சர்சார்ஜ் பெரியவங்களுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்ட், குழந்தைக்கு 776. அதே ஹாஸ்பிடல்ல நர்ஸா வந்தா அது கிடையாது, டிபிஏவா வந்தா கட்டணும். ராத்திரி 3 மணிக்கு அவங்க வார்டு சிஸ்டம் நின்னா எழுந்து ஓடுறது நாமதானே, நாம ஹெல்த் ஸ்டாஃப் இல்லையா?

ஸ்கார்பரோ அக்கா:
இங்கயும் அப்பிடித்தான், ஐடி ஆக்களை ஹாஸ்பிடல்ல ஒருத்தரும் கணக்கெடுக்கிறேல்ல.

ராத்திரி ஷிஃப்ட்:
வாடகை, சர்சார்ஜ் எல்லாம் அப்புறம் பேசலாம், அந்தப் பையன் காத்துக்கிட்டு இருக்கான். தம்பி, நான் இங்க யூகேல ஹாஸ்பிடல் டிபிஏவா 14 வருஷமா இருக்கேன். மூணு கேள்வி, மறைக்காம சொல்லுங்க. எதை எங்க ரெஸ்டோர் பண்ணீங்க? டேட்டா ஹாஸ்பிடலை விட்டு வெளிய போச்சா? அதுக்கப்புறம் எதையாவது டெலிட் பண்ணீங்களா?

புதுசா வந்தவன்:
அக்கா, அப்பாயின்ட்மென்ட் ரிப்போர்ட் ஒண்ணு ரொம்ப ஸ்லோ, அதை டெஸ்ட்ல பாக்கலாம்னு ஞாயிறு நைட் எடுத்த, நிஜ சிஸ்டத்தோட புரொடக்‌ஷன் பேக்கப்பை டெஸ்ட் சர்வர்ல ரெஸ்டோர் பண்ணேன். பேர், போன் நம்பர் எல்லாம் மாஸ்க் பண்ற (மறைக்கிற) ஸ்கிரிப்ட்டை அதுக்கப்புறம் ஓட்டணுமாம், எனக்கு யாரும் சொல்லல. டெஸ்ட் சர்வர்ல எஸ்எம்எஸ் ரிமைண்டர் ஜாப் ஆன்ல இருந்திருக்கு, எப்பவும் டம்மி நம்பர்தான் இருக்கும்போல. நிஜ நம்பர் வந்ததும் நைட் 1:30க்கு 412 மெசேஜ் போயிடுச்சு, எல்லாம் நாளைக்கு புதன்கிழமை அப்பாயின்ட்மென்ட். ரெண்டு பேர் ஹாஸ்பிடலுக்கு போன் பண்ணதால மேனேஜருக்குத் தெரிஞ்சிருக்கு, எத்தனைன்னு அவருக்குத் தெரியாது. டெலிட் எதுவும் பண்ணல. ஆனா லேப்டாப்பைத் திறந்து வெச்சிருக்கேன், டெஸ்ட் டேட்டாபேஸை டிராப் பண்ணி அழிச்சிடலாமான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.

ராத்திரி ஷிஃப்ட்:
லேப்டாப்பை மூடுங்க. டிராப் பண்ணாதீங்க, என்ன நடந்துச்சுன்னு பதிவாகிற லாக் ஃபைலைத் தொடாதீங்க. யாருக்கு மெசேஜ் போச்சுன்னு தெரியறதுக்கு ஆதாரம் அதுதான், அழிச்சா அப்புறம் நீங்க தெரியாம செஞ்சேன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

இப்ப பேக்கப் தேதியை யோசிங்க. ஞாயிறு நைட் பேக்கப். திங்கட்கிழமை கேன்சல் ஆனது, தேதி மாறுனது எதுவுமே அதுல இருக்காது. அப்ப அந்த 412 பேர்ல சில பேருக்கு, இல்லாத அப்பாயின்ட்மென்ட்டுக்கு வாங்கன்னு மெசேஜ் போயிருக்கு. உங்க மீட்டிங் 10 மணிக்கு, ஆனா 8 மணிக்கே ஒரு வயசானவர் டயாலிசிஸ் நாளை மாத்திக்கிட்டோ டாக்ஸிக்கு காசு குடுத்தோ வந்து நிக்கலாம். அதனால 10 மணி வரைக்கும் காத்திருக்கக் கூடாது, இப்பவே ஆன்-கால் மேனேஜருக்கு போன் பண்ணுங்க. நடந்தது இது, எண்ணிக்கை 412, கேன்சல் ஆனவங்களை லைவ் சிஸ்டத்தோட ஒப்பிட்டா லிஸ்ட் எடுக்கலாம், நீங்க சொன்னா ஓட்டறேன்னு சொல்லுங்க. அவர் சரின்னா மட்டும் ஓட்டுங்க, எழுத்துல ஒரு மெயிலும் கேட்டு வாங்கிக்கோங்க. அந்த டெஸ்ட் ஜாப்பை நிறுத்தவும் அவர்கிட்டயே அனுமதி கேளுங்க, இன்னிக்கு நைட்டும் 1:30 வரும்.

ஆபீசர் ஏன் வராங்கன்னா, ஆபத்து இருக்குன்னு தெரிஞ்ச டேட்டா பிரச்சினையை 72 மணிநேரத்துக்குள்ள ஐசிஓவுக்கு (யூகேவோட டேட்டா பாதுகாப்பு ரெகுலேட்டர்) சொல்லணும், அவங்களுக்கு நேரம் ஓடிக்கிட்டு இருக்கு. உங்களை அனுப்பறதுக்குன்னே வராங்கன்னு நினைக்காதீங்க. எத்தனை மணிக்கு எந்தக் கமாண்ட் ஓட்டுனீங்கன்னு ஒரே பக்கத்துல எழுதி எடுத்துட்டுப் போங்க. மாஸ்கிங் ஸ்கிரிப்ட் பத்தி ஹேண்ட்ஓவர்ல இல்லைங்கறதை புகாரா இல்லாம தகவலா சொல்லுங்க. டெஸ்ட் சர்வர்லேர்ந்து நிஜ எஸ்எம்எஸ் அனுப்புற கேட்வேக்கு வழி இருந்ததும் பெரிய ஓட்டை, அது உங்க தப்பு இல்ல. டெஸ்ட்டுக்குன்னே 999ல ஆரம்பிக்கிற என்எச்எஸ் நம்பர் (பேஷண்ட் அடையாள எண்) ஒதுக்கி வெச்சிருக்காங்க, நிஜ ஆளோட ரெக்கார்டே அங்க வரத் தேவையில்ல.

யூனியன்ல சேருங்க, நல்லதுதான், ஆனா பிரச்சினை வந்தப்புறம் சேர்ந்தா அந்த கேஸை பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க. நாளைக்கு நடக்கறது விசாரணையா ஒழுங்கு நடவடிக்கையான்னு முதல்லயே கேளுங்க. ஒழுங்கு நடவடிக்கைன்னா கூட ஒரு சக ஊழியரைக் கூட்டிட்டுப் போற உரிமை இருக்கு.

விசா அன்னிக்கே போகாது. வேலை போனாலும் ஸ்பான்சரான ஹாஸ்பிடல், விசா பாக்குற ஹோம் ஆபீஸுக்கு சொல்லி, அவங்க லெட்டர் அனுப்பி, வழக்கமா அதுலேர்ந்து 60 நாள் தருவாங்க. டிக்கெட்டை இன்னிக்கு தொடாதீங்க.

லெஸ்டர் மாமா:
எஸ்எம்எஸ் விஷயம் எனக்குத் தெரியாது தம்பி. அந்த அக்கா சொல்றபடியே செய்ங்க.

புதுசா வந்தவன்:
போன் பண்ணிட்டேன். முதல்ல கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் இப்ப சொன்னது நல்லதுன்னாரு. மெயில் வந்துச்சு, ஜாப்பை நிறுத்திட்டேன், கொயரி ஓட்டுனேன். 38 பேர் அக்கா. புதன்கிழமை கண் கிளினிக் ஒண்ணை திங்கட்கிழமையே முழுசா கேன்சல் பண்ணியிருக்காங்க, அதுவே 31. காலைல 7 மணிக்கு புக்கிங் டீம் கூப்பிட ஆரம்பிக்கறாங்க, நானும் 7க்கே வரேன்னு சொல்லிட்டேன்.

ராத்திரி ஷிஃப்ட்:
சரி. லாகின் ஆன நேரத்தையும் அந்தப் பக்கத்துல சேத்துக்கோங்க. ரெண்டு பிரெட்டாவது சாப்பிட்டுட்டுப் படுங்க. பொண்ணோட ஜாக்கெட்டை செக்-இன் பெட்டியில போட வேணாம், கைப்பையில வைக்கச் சொல்லுங்க, இறங்குன உடனே தேவைப்படும்.